காய்ச்சல்: எப்போது வீட்டில், எப்போது ஆஸ்பத்திரியில் (கேள்வி பதில்)

சிஸ்டர், மகனுக்கு 2 வயது, 12 கிலோ. 101 காட்டுகிறது. பாராசிட்டமால் சிரப் எத்தனை மில்லி?

எடையையும் பாட்டில் லேபிளையும் வைத்துத்தான் அளவு. கிலோவுக்கு 15 மி.கி. வீதம் ஒரு வேளைக்கு 180 மி.கி. லேபிளில் "5 மில்லியில் 120 மி.கி." என்றிருந்தால் 7.5 மில்லி; "5 மில்லியில் 250" என்றிருந்தால் 3.5 மில்லி போதும். கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் பெரும்பாலும் 1 மில்லியிலேயே 100 மி.கி. இருக்கும். அதை சிரப் என்று நினைத்து 7.5 மில்லி ஊற்றினால் நாலு வேளை மருந்து ஒரே வாயில் போய்விடும், கல்லீரல் தாங்காது. 6 மணி நேர இடைவெளி, நாளைக்கு 4 வேளைக்கு மேல் வேண்டாம். சளி மருந்திலும் பாராசிட்டமால் கலந்திருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளை விளையாடிக்கொண்டு, தண்ணீர் குடித்துக்கொண்டு இருந்தால் 101-க்கு மருந்தே தேவையில்லை.

ஐஸ் தண்ணீரில் துடைக்கலாமா?

கூடாது. நடுக்கம் எடுத்து உள்சூடு இன்னும் ஏறும்.

40 நாள் குழந்தை. 100.6 இருக்கிறது. விடியட்டும் என்று பார்க்கிறோம்.

விடியும்வரை வைத்திருக்காதீர்கள், இப்போதே கிளம்புங்கள். 3 மாதம் ஆகாத குழந்தைக்கு 100.4 தொட்டாலே ஆஸ்பத்திரிதான்; ரத்தத்தில் கிருமி பரவியிருந்தாலும் வெளியே பெரிதாகத் தெரியாது. பால் குடித்தாலும் சரி, கிளம்புங்கள்.

கணவருக்கு டெங்கு. 5-ம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது. வேலைக்கு அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள் அம்மா. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்தான கட்டம். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து, ரத்தம் கெட்டிப்பட்டு, பிரஷர் இறங்கும். எல்லோரும் பிளேட்லெட்டையே பார்க்கிறார்கள். ரிப்போர்ட்டில் பக்கத்திலேயே பி.சி.வி. (ரத்தம் எவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது என்று காட்டும் அளவு) இருக்கும், அது ஏறுகிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், கறுப்பு மலம், கை கால் சில்லிடுதல், 6 மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை: இதில் ஒன்று வந்தாலும் உடனே அட்மிட் செய்யுங்கள். உடம்புவலிக்கு டைக்ளோஃபினாக் ஊசியோ ஐபுப்ரோஃபெனோ வேண்டாம், ரத்தக்கசிவு கூடும்.

காய்ச்சலில் ஜன்னி வந்தால் கையில் இரும்பு கொடுக்கச் சொல்கிறார்களே?

இரும்பால் வலிப்பு நிற்காது. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் ஸ்பூனோ தண்ணீரோ வேண்டாம், கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108. முதல் தடவை என்றால், தானாக நின்றாலும் அன்றே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.