இருட்டுக்கு எத்தனை மடங்கு? ஸ்கோப் கேள்வி-பதில்

கேள்வி: ஜெர்மனியில் வேட்டை உரிமம் வைத்திருக்கிறேன். இரவில் உயர்மேடையில் காத்திருந்து காட்டுப்பன்றி சுடுவது, மாதம் ஒருமுறை 100 மீட்டர் ரேஞ்சில் காகித இலக்கு. இரண்டுக்கும் ஒரே ஸ்கோப் (துப்பாக்கிமேல் மாட்டும் தொலைநோக்கி) வேண்டும். கடையில் 5-25×56 ஒன்றைக் காட்டுகிறார்கள். வாங்கிவிடலாமா?
(வாசகர், ஹனோவர்)

பதில்: வேண்டாம். 3-12×56 அல்லது 2.5-10×56 எடுங்கள்.

முதலில் வரும் 3-12 என்பது எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்ற வீச்சு. கடைசியில் வரும் 56 என்பது முன்வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். அதை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்வில்லைக்குப் பின்னால் விழும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். 8 மடங்கில் 7 மி.மீ., 12 மடங்கில் 4.7 மி.மீ., 25 மடங்கில் 2.2 மி.மீ. நல்ல இருட்டில் இளவயதுக்காரர் கண்மணி ஏறத்தாழ 7 மி.மீ. வரை விரியும். ஐம்பதைத் தாண்டினால் பலருக்கு 5 மி.மீ. பக்கத்திலேயே நின்றுவிடும். ஒளிவட்டம் கண்மணியைவிடச் சிறுத்துவிட்டால் படம் மங்கத் தொடங்கும். நிலா வெளிச்சத்தில் 25 மடங்கு வைத்துப் பார்த்தால் பன்றியும் புதரும் ஒரே கருப்பு. ஜெர்மன் வேட்டைக்காரர்கள் பல பத்தாண்டுகளாக ஸூம் இல்லாத 8×56ஐக் கட்டிக்கொண்டு அழுததற்கு இந்த 7 மி.மீ. கணக்குதான் காரணம்.

விளம்பரத் தாளில் ‘அந்திக் காரணி’ என்று ஓர் எண் இருக்கும். உருப்பெருக்கத்தையும் முன்வில்லை விட்டத்தையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தது. 8×56க்கு 21.2, அதே 56 மி.மீ. வில்லையில் 24 மடங்குக்கு 36.7. இதைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒளிவட்டம் சிறுத்துப்போவதை அந்த எண் கணக்கில் எடுப்பதே இல்லை. பெயருக்கு ஏற்ப அந்தி மயங்கும் அரை மணி நேரத்துக்கு ஏதோ சொல்லும், நள்ளிரவுக்கு உதவாது.

‘ஒளி கடத்தல் 90 சதவீதம்’, ‘92 சதவீதம்’ என்ற சண்டையிலும் தலையிட வேண்டாம். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். எட்டு வில்லை, பதினாறு பரப்பு என்றால் பாதி ஒளி போய்விடும். 1935இல் ஸைஸ் நிறுவனத்தின் ஸ்மகுலா எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சுக்குக் காப்புரிமை பெற்ற பிறகுதான் இந்த இழப்பு அடங்கியது. இன்று நல்ல ஸ்கோப்கள் எல்லாமே 90ஐ ஒட்டி நிற்கின்றன. 2 சதவீத வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

ரேஞ்சுக்கு 12 மடங்கு குறையாதா என்பீர்கள். 100 மீட்டரில் குறிவைக்க அது தாராளம். குண்டு போட்ட ஓட்டையைப் பார்க்கத்தான் பலர் 25 கேட்கிறார்கள். அதற்கு மேசைமேல் ஒரு 20-60 மடங்கு ஸ்பாட்டிங் ஸ்கோப் (தனியே நிற்கும் தொலைநோக்கி) வையுங்கள். துப்பாக்கியின் தலையில் ஏன் அந்தச் சுமை?

மேடையில் உட்காரும்போது ஸூம் வளையத்தை 4இல் வைத்திருங்கள். பன்றி எங்கிருந்து வருமென்று தெரியாது. 3 மடங்கில் 100 மீட்டரில் ஏறக்குறைய 12 மீட்டர் அகலம் தெரியும், 12 மடங்கில் மூன்று மீட்டர் சொச்சம்தான். பன்றி நின்று, பின்னால் குட்டிகள் இல்லை என்று உறுதியான பிறகு 6க்கோ 8க்கோ போகலாம்.

கேள்வி: வெப்பக்காட்சி முன்னொட்டுக் கருவியை இதே ஸ்கோப்பின் முன்னால் மாட்டலாமா?
(அதே வாசகர்)

பதில்: ஜெர்மனியில் கூட்டாட்சி வேட்டைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு குளம்புள்ள விலங்குகளை இரவில் சுடுவதைத் தடுக்கிறது, காட்டுப்பன்றிக்கு மட்டும் விலக்கு. (இரவு என்றால் சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரம் கழித்து, உதயத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு வரை.) 2020இல் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டு, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் உள்ளவர் முன்னொட்டுக் கருவி வைத்திருக்க வழி கிடைத்தது. வேட்டையில் பயன்படுத்தலாமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உங்கள் மாவட்ட வேட்டை அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.

ஸ்கோப்பைப் பொறுத்தவரை இங்கும் கீழ்முனை எண்தான் முக்கியம். முன்னொட்டுக் கருவி ஒரு சின்னத் திரையைக் காட்டுகிறது, ஸ்கோப் அந்தத் திரையைப் பெரிதாக்குகிறது. 6 மடங்கைத் தாண்டினால் பெரும்பாலான கருவிகளில் பன்றி கட்டம் கட்டமாக உடையும். 5 மடங்கில் தொடங்கும் ஸ்கோப்பை மறுக்க இது இன்னொரு காரணம். மாட்டும் வளையம் முன்வில்லைக் குழலின் வெளிவிட்டத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். ஆடினால் குண்டு விழும் இடமும் ஆடும். கருவியோடு ஐந்து, கழற்றி ஐந்து, மறுபடி மாட்டி ஐந்து என்று 100 மீட்டரில் சுட்டு, மூன்று கூட்டங்களின் நடுவையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: ரெட்டிகிள் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடு) முதல் தளத்திலா, இரண்டாம் தளத்திலா? எது நல்லது?
(வாசகர், சூரிச்)

பதில்: முதல் தளத்தில் இருந்தால் ஸூம் செய்யும்போது குறிக்கோடுகளும் படத்தோடு சேர்ந்து பெருக்கும். கோடுகளுக்கு இடையிலான அளவு எந்த மடங்கிலும் மாறாது. தூர இலக்குச் சுடுபவர்களுக்கு அது வசதி. ஆனால் 3 மடங்கில் நூல்போல மெலிந்து, இருட்டில் காணாமல் போகும். இரண்டாம் தளத்தில் கோடு எப்போதும் ஒரே தடிமன். அளவுகள் மட்டும் ஒரே ஒரு மடங்கில்தான் சரி, பெரும்பாலும் உச்ச மடங்கில். 12இல் 1 மில் (கோண அளவு, 100 மீட்டரில் 10 செ.மீ.) காட்டும் இடைவெளி 6இல் 2 மில் ஆகிவிடும். இதை மறந்து பாதி ஸூமில் குண்டு இறங்கும் தாழ்வுக்குக் கோட்டை எண்ணிச் சுடுபவர்கள் இலக்கின் தலைக்கு மேலே அனுப்புவார்கள்.

இரவு வேட்டையே முதன்மை என்றால் இரண்டாம் தளம், நான்காம் எண் ரெட்டிகிள் (மூன்று பக்கம் தடித்த கம்பி, நடுவில் மெல்லிய குறுக்குக்கோடு), நடுவில் ஒளிரும் சிவப்புப் புள்ளி. புள்ளி எவ்வளவு பிரகாசம் என்று கேட்காதீர்கள், எவ்வளவு மங்கும் என்று கேளுங்கள். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக அரை மணி நேரம் ஆகும். பிரகாசமான புள்ளி அதை ஒரு நொடியில் கெடுத்துவிடும். கடையில் விளக்கணைத்த அறைக்குள் கொண்டுபோய்ப் பாருங்கள். மிகக் குறைந்த நிலையில் புள்ளியைச் சுற்றிச் சிவப்புப் புகை படர்ந்தால் அந்த ஸ்கோப் வேண்டாம். சி.ஆர். 2032 பேட்டரி ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், குளிரில் திடீரென்று போகும்.

கேள்வி: 34 மி.மீ. குழல் 30 மி.மீ. குழலைவிட வெளிச்சமாமே?
(வாசகர், லண்டன்)

பதில்: இல்லை. தடித்த குழலில் டரெட் (குறியை ஏற்றி இறக்கும் குமிழ்) திருப்ப அதிக இடம் கிடைக்கும், அவ்வளவே. 300 மீட்டருக்குள் சுடுபவருக்கு 30 போதும்.

கேள்வி: விக்டோரியாவில் நண்பரின் பண்ணையில் இரவில் ஸ்பாட்லைட் வைத்து முயல் சுடுகிறோம். .22 ரிம்ஃபயர் (சிறு குண்டுத் துப்பாக்கி), 3-9×40 ஸ்கோப். பகலில் 50 மீட்டரில் ஒரே இடத்தில் விழுகிறது, இரவில் 30 மீட்டரிலேயே தவறுகிறது.
(வாசகர், மெல்போர்ன்)

பதில்: ஸ்கோப்பின் பாரலாக்ஸ் (கண் நகர்ந்தால் குறிக்கோடு இலக்கின்மேல் நகர்வதுபோல் தெரிவது) 100 மீட்டருக்குத் தொழிற்சாலையிலேயே பூட்டப்பட்டதாக இருக்கும். முன்வில்லையின் பாதி 20 மி.மீ.; சுடும் தூரத்துக்கும் பூட்டிய தூரத்துக்கும் வித்தியாசம் 70 மீட்டர்; 20ஐ 70ஆல் பெருக்கி 100ஆல் வகுத்தால் 14 மி.மீ. கண் நடுவில் இல்லாவிட்டால் அதிகபட்சம் அவ்வளவு தவறும். பகலில் கன்னத்தை அதே இடத்தில் வைக்கிறீர்கள். இரவில் வண்டியின் பக்கவாட்டில் கோணிக்கொண்டு நிற்கும்போது கன்னம் எங்கே போய்ப் படுகிறதோ யாருக்குத் தெரியும்! முயலின் தலை அகலமோ நாலைந்து சென்டிமீட்டர். துப்பாக்கியை மணல்மூட்டைமேல் அசையாமல் வைத்து, தலையை மட்டும் இடவலமாக நகர்த்திப் பாருங்கள். குறிக்கோடு இலக்கின்மேல் நீந்தினால் அதுதான் குற்றவாளி. பக்கவாட்டுக் குமிழில் 10 மீட்டரிலிருந்து பாரலாக்ஸ் மாற்றக்கூடியதாகவோ, 50 மீட்டருக்குப் பூட்டிய ரிம்ஃபயர் ஸ்கோப்பாகவோ மாற்றுங்கள்.

இன்னொன்று: ஒலியைவிட மெதுவாகப் போகும் .22 குண்டு, 50 மீட்டரில் ஜீரோ செய்தால் (குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்தால்) 100 மீட்டரில் ஏறத்தாழ ஒரு சாண் கீழே விழும். ஸ்பாட்லைட்டில் தூரம் குறைவாகத் தோன்றும். 70 மீட்டரைத் தாண்டுவது போலிருந்தால் சுடாதீர்கள். விளக்கை ஸ்கோப்பின்மேல் கட்டியிருந்தால் அதன் ஒளி குழல்முனையில் பட்டுக் கண்ணுக்கே திரும்பும். முன்னால் தள்ளிக் கட்டுங்கள். நில உரிமையாளர் அனுமதியோடு முயல், நரி சரி. ஸ்பாட்லைட்டில் மான் தெரிந்தால் கைவைக்க வேண்டாம், அங்கே பொழுதுபோக்கு வேட்டையில் அது குற்றம்.

கேள்வி: ஸ்கோப்பை நானே பொருத்த நினைக்கிறேன். வரிசையாகச் சொல்லுங்கள்.
(வாசகர், ஒஸ்லோ)

பதில்: முதலில் துப்பாக்கியின் குண்டறையைத் திறந்து, குண்டு இல்லை என்று பாருங்கள். அடிப்பட்டையின் திருகுகளை எண்ணெய் போகத் துடைத்து, நீல நிறத் திருகுப் பசை ஒரு துளி விட்டு முறுக்குங்கள். ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையத் திருகுகளில் பசை போடாதீர்கள். அது வழவழப்பாகி அதே விசைக்கு அதிகம் இறுகி, குழலை நசுக்கும்.

ஸ்கோப்பை வளையத்தில் தளர்வாக வைத்து, ஸூமை உச்சத்துக்குத் திருப்புங்கள். கண் தூரத்துக்கு அங்கேதான் இடம் குறைவு. குளிர்கால ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள், வெறும் சட்டையில் அளந்தால் குளிரில் இரண்டு விரல் தள்ளிப்போகும். கண்ணை மூடித் தோளில் ஏற்றி, கன்னம் பதிந்த பிறகு திறங்கள். ஓரத்தில் கருப்பு நிழல் வந்தால் ஸ்கோப்பை முன்னே பின்னே நகர்த்துங்கள். கண்ணுக்கும் வில்லைக்கும் 9 செ.மீ. சுமார் இருக்கட்டும். குறைந்தால் புருவம் கிழியும்.

எதிர்ச் சுவரில் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, துப்பாக்கியை மட்டம் பார்த்து, குறிக்கோட்டை அந்த நூலோடு ஒட்டுங்கள். 3 டிகிரி சாய்வு 100 மீட்டரில் தெரியாது. ஒரு மீட்டர் தாழ்வுக்கு டரெட் திருப்பும் தூரத்தில் 5 செ.மீ. பக்கவாட்டில் இழுக்கும். வளையத் திருகுகளைக் குறுக்கும் மறுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக, முறுக்குவிசையை அளக்கும் டார்க் சாவியால் 2 நியூட்டன் மீட்டர் வரை. வளையத்தைச் செய்தவர் இதைவிடக் குறைவாகக் குறித்திருந்தால் அவர் சொல்வதே கணக்கு.

பிறகு டரெட் பொய் சொல்கிறதா என்று பாருங்கள். 100 மீட்டரில் 0.1 மில் கிளிக் ஒன்று 1 செ.மீ.; கால் எம்.ஓ.ஏ. (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) கிளிக் 7.3 மி.மீ. 50 மீட்டரில் உயரமான அட்டையில் தூக்குநூல் வைத்துச் செங்குத்துக் கோடு வரைந்து, அடியில் மூன்று குண்டு. டரெட்டை 10 மில் ஏற்றி, அதே புள்ளியைக் குறிவைத்து மூன்று. இரண்டு கூட்டத்துக்கும் நடுவே 50 செ.மீ. இருக்க வேண்டும். 48 வந்தால் நாலு சதவீதம் குறைவு. பெட்டிக்குள் வைத்துக் கடைக்காரரிடம் நீட்டுங்கள். மேல் கூட்டம் கோட்டைவிட்டு விலகினால் முதலில் நீங்கள் மட்டம் பார்த்ததைச் சரிபாருங்கள், அது சரியென்றால் ஸ்கோப்மேல்தான் தவறு.

கேள்வி: ஸ்பிரிங் ஏர் ரைபிளில் போட்ட ஸ்கோப் 200 குண்டுக்குள் ரெட்டிகிள் சாய்ந்து கெட்டுவிட்டது. பெரிய துப்பாக்கியில் தாங்கும் என்று எழுதியிருந்ததே? மாற்றி வாங்கினால் 10 மீட்டர் போட்டிக்கும் உதவுமா?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: பெரிய துப்பாக்கி பின்னால் மட்டும் உதைக்கும். ஸ்பிரிங் ஏர் ரைபிளில் பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னால் வரும், பிஸ்டன் முனையில் மோதியதும் முன்னால் இழுக்கும். பின்னுதைக்கு மட்டும் முட்டுக்கொடுத்த வில்லைகள் அந்த இரண்டாம் இழுப்பில் கழன்றுவிடும். ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கு என்று குறித்த ஸ்கோப், 10 மீட்டருக்கு இறங்கும் பாரலாக்ஸ், தடுப்பு ஊசி உள்ள ஒற்றைத்துண்டு மவுன்ட் மூன்றும் வேண்டும். ஊசி இல்லாவிட்டால் மவுன்ட் மெல்லப் பின்னால் ஊரும்.

ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பு) விதிப்படி நடக்கும் 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை. அதற்குப் பீப் சைட் (சிறு துளை வழியே குறிபார்க்கும் அமைப்பு) பழகுங்கள். தோட்டத்தில் காகித இலக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் காட்டு முயலுக்குக் குறிவைக்க உங்களை விடாது.