ரைடரின் "சீக்ஃப்ரீடும் ரைன் கன்னியரும்" ஓவியத்தில் ஏன் இத்தனை விரிசல்? அதே நிலவொளியை விரிசல் இல்லாமல் வரைய முடியுமா?

முடியும். ரைடர் தவறிய இடம் எது என்று புரிந்துவிட்டால் போதும்.

ஆல்பர்ட் பிங்கம் ரைடர் நியூயார்க்கில் வாழ்ந்த அமெரிக்க ஓவியர். ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ஓபராவை (இசை நாடகம்) பார்த்துவிட்டு நள்ளிரவில் வீடு திரும்பி, 48 மணி நேரம் ஊண் உறக்கமின்றி இந்தப் படத்தை வரைந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் படம் இருக்கும் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம் அதற்குத் தரும் காலம் 1888–1891. அந்த இரண்டு நாளில் கரு பிறந்திருக்கலாம். அடுக்குகள் பிறகு ஏறியவை. ஒரே படத்தை ஆண்டுக்கணக்கில் திருத்துகிறவர், ஓர் அடுக்கு காயும்வரை மட்டும் காத்திருக்கமாட்டார்.

கதையைப் பற்றி ஒன்று. வீரன் சீக்ஃப்ரீடின் கதையைச் சொல்லும், சுமார் 1200இல் எழுதப்பட்ட நிபெலுங்கன் என்ற ஜெர்மன் காவியத்தில் நீர்மகளிர் எச்சரிப்பது சீக்ஃப்ரீடை அல்ல, அவனைக் கொன்ற ஹேகனை. அதுவும் டான்யூப் நதியில். ரைன் நதியில் மூன்று கன்னியர் சீக்ஃப்ரீடிடம் மோதிரத்தைக் கேட்பதும், தராவிட்டால் இன்றே சாவாய் என்பதும் வாக்னர் அமைத்த காட்சி. ரைடர் அந்த எச்சரிக்கையை முறுகிய மரத்திலும் மேகத்திலும் ஏற்றிவிட்டார். சுமார் 50 × 52 செ.மீ. அளவுள்ள சிறிய துணியில் இவ்வளவு அச்சம்!

இனி விரிசல். ஆளிவிதை எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றின் ஆக்சிஜனை உறிஞ்சி மேலிருந்து கீழாக இறுகுகிறது. காய்ச்சிய பாலில் ஆடை படிவதுபோல மேலே தோல், அடியில் ஈரம். அந்தத் தோலின் மேல் சீக்கிரம் காயும் வார்னிஷைப் பூசினால் மேலடுக்கு முதலில் இறுகிச் சுருங்கும், அடியடுக்கு வழுக்கும், படம் பிளக்கும். ரைடர் தாரிலிருந்து வரும் தார்ப்பழுப்பு (பிட்டுமென்) நிறத்தையும் கலந்தார். அது முழுசாகக் காயவே காயாது, கூட இருக்கும் எண்ணெயையும் காயவிடாது.

இரண்டு விதமான விரிசலைக் கண்ணாலேயே பிரிக்கலாம். வயதால் வருவது மெல்லிய வலைபோல, கூர்மையான விளிம்போடு இருக்கும். வண்ணம் சரியாகக் காயாத கோளாறால் வருவது அகலமானது. விளிம்பு மழுங்கி, இடையே அடிநிறம் தெரியும். அடர்நிறப் பகுதியில்தான் அதிகம் வரும். ரைடரிடம் காண்பது இரண்டாவது வகை. அடுக்குகளுக்கு நடுவே வார்னிஷ் இருப்பதால், கரைப்பான் தொட்டுச் சுத்தம் செய்யப்போனால் வண்ணமும் சேர்ந்து போய்விடும்.

நீங்கள் வரையும்போது துணியை விட, ஜெஸ்ஸோ (வெள்ளை அடிப்பூச்சு) பூசிய பலகையை எடுங்கள்; அது தொய்யாது. முதல் அடுக்கு ரா அம்பர் என்ற பழுப்பு மண் நிறம், டர்பன்டைன் விட்டு நீர்க்கக் கரைத்தது. அம்பரில் மாங்கனீஸ் இருப்பதால் ஓரிரு நாளில் காய்ந்துவிடும். நிலவையும் மேக விளிம்பையும் டைட்டானியம் வெள்ளையில் தடிப்பாக வையுங்கள். ஜிங்க் வெள்ளை நாளடைவில் நொறுங்கும், வேண்டாம். ஐவரி கறுப்பு மெதுவாகக் காயும், அடியில் போடாதீர்கள். தடித்த இடத்தில் நகத்தை அழுத்திப் பாருங்கள்: பள்ளம் விழுந்தால் இன்னும் காயவில்லை.

ரைடரின் அந்தப் பொன்பச்சை ஒளி, அடிநிறம் தெரியும்படி கண்ணாடிபோல் மெல்லியதாகப் பூசும் வண்ணப் பூச்சில் (கிளேஸ்) வருவது. அதைக் கரைக்க ஸ்டாண்ட் ஆயில் (சூடாக்கிக் கெட்டியாக்கிய ஆளிவிதை எண்ணெய்) 1 பங்கு, டர்பன்டைன் 2 பங்கு. தார்ப்பழுப்புக்குப் பதில் டிரான்ஸ்பேரன்ட் அயர்ன் ஆக்சைடோடு துளி அல்ட்ராமரின் நீலம். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே குறைந்தது ஒரு வாரம். மேலே போகப்போக எண்ணெய் கூடலாம், குறையக்கூடாது.

காயும்போது அடர்நிறம் மங்கி வெளுத்த மாதிரி தெரியும். வார்னிஷ் எடுக்கக் கை துடிக்கும் நேரம் அதுதான். எடுக்காதீர்கள். காய்ந்த பரப்பில் ஒரு சொட்டு ஆளிவிதை எண்ணெயைத் துணியால் தேய்த்து, மிச்சத்தை முழுக்கத் துடைத்துவிடுங்கள், நிறம் திரும்பிவிடும். எண்ணெய்த் துணியைக் கசக்கி மூலையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கலாம், விரித்துக் காயவையுங்கள். வார்னிஷ் கடைசியில், ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் கழித்து.