டவர் உச்சிக்கு மின்சாரம் அனுப்பும் வேலை: மகளைச் சேர்க்கலாமா?

கேள்வி: என் மகள் இ.சி.இ. இறுதியாண்டு படிக்கிறாள். கேம்பஸில் ஒரு ஐ.டி. கம்பெனியில் இடம் கிடைத்திருக்கிறது. அவளோ கோவையில் ஒரு சின்ன கம்பெனியில்தான் சேருவேன் என்கிறாள். ஒயர்லெஸ் இன்டர்நெட் கொடுப்பவர்களுக்கு 'பி.ஓ.இ.' சாதனம் டிசைன் பண்ணுகிறார்களாம். சம்பளம் குறைவு, பாண்டு வேறு கேட்கிறார்கள். எங்கள் சொந்தத்தில் யாருக்கும் அது என்ன வேலை என்றே தெரியவில்லை. டவர் ஏறச் சொல்வார்களோ என்றும் பயமாக இருக்கிறது. - ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: அம்மா, முதலில் அந்த டவர் பயம். டவர் ஏறுவது அதற்கென்றே பயிற்சி எடுத்த ரிக்கர்களின் வேலை. டிசைன் இன்ஜினியருக்கு மேஜையும் சால்டரிங் அயர்னும் ஆசிலோஸ்கோப்பும்தான். ஆனால் வருஷத்துக்கு ஓரிரு முறை டவர் அடிவாரம் வரைக்கும் போய், தான் வரைந்த போர்டு எந்த வெயிலில், எந்தப் பெட்டிக்குள் கிடக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தால் நல்லது. அதைத் தடுக்காதீர்கள்.

வேலை என்னவென்று கேட்டீர்கள். உங்கள் தெருவில் யாராவது ஏர்ஃபைபர் போட்டிருந்தால் மொட்டை மாடியில் ஒரு பெட்டி மாட்டியிருப்பார்கள். பெரும்பாலும் அதற்குத் தனி பிளக் பாயின்ட் இருக்காது. வீட்டுக்குள்ளிருந்து போகும் ஒரே கேபிளில் இன்டர்நெட்டும் மின்சாரமும் சேர்ந்து போகின்றன. அதுதான் பவர் ஓவர் ஈதர்நெட், சுருக்கமாக பி.ஓ.இ. அமெரிக்கக் கிராமங்களில், ஃபைபர் போய்ச் சேராத பண்ணை வீடுகளுக்கு, சின்னச் சின்ன நிறுவனங்கள் தண்ணீர்த் தொட்டி மேலும் தானியக் கிடங்கு மேலும் ரேடியோ (இன்டர்நெட் சிக்னலை அனுப்பி வாங்கும் பெட்டி) மாட்டி இன்டர்நெட் கொடுக்கின்றன. அந்த ரேடியோக்களுக்குக் கீழேயிருந்து மின்சாரம் அனுப்பும் இன்ஜெக்டர், ஸ்விட்ச், இடிதாங்கிப் பெட்டி ஆகியவற்றை வடிவமைப்பதுதான் உங்கள் மகள் சொல்லும் வேலையாக இருக்க வேண்டும்.

கேட்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். ஒரு கணக்கு சொல்கிறேன், மகளிடம் கொடுத்துப் பாருங்கள். கீழே 24 வோல்ட் அடாப்டர். 100 மீட்டர் கேபிள். மின்சாரம் போய்வரும் பாதையின் மின்தடை 12.5 ஓம். மேலே உள்ள ரேடியோவுக்கு 12 வாட் வேண்டும். கிடைக்குமா? கிடைக்காது. எவ்வளவு பெரிய 24 வோல்ட் அடாப்டர் வைத்தாலும் அந்த முனையில் சுமார் 11.5 வாட்டுக்கு மேல் எடுக்கவே முடியாது. வோல்டேஜ் இறங்க இறங்க ரேடியோவுக்குள் வோல்டேஜை மாற்றித் தரும் கன்வெர்ட்டர் கரண்ட்டைக் கூட்டி இழுக்கும். கரண்ட் கூடினால் கேபிளில் வோல்டேஜ் இன்னும் இறங்கும். ரேடியோ அணைந்து அணைந்து எரியும். அதே கேபிளில் 48 வோல்ட் கொடுத்தால் 0.27 ஆம்பியர் போதும், வழியில் வீணாவது ஒரு வாட்டுக்கும் குறைவு. இந்தக் கணக்கை அவள் பேப்பரில் போட்டுக் காட்டிவிட்டால், இந்த வேலைக்குத் தேவையான அடிப்படை அவளிடம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் எல்லாரும் 48 வோல்ட்டே வைத்துக்கொள்ளலாமே என்பாள். அதற்கு 2003-லேயே 802.3ஏஎஃப் என்ற தரநிலை வந்துவிட்டது. அதன்படி, எதிர்முனையில் அடையாளமாக 25 கிலோ ஓம் மின்தடை இருக்கிறதா என்று சோதித்த பிறகே சாதனம் மின்சாரம் விடும், 15.4 வாட் வரை. 2018-ல் வந்த 802.3பிடி அதை 90 வாட் வரை கொண்டுபோனது. ஆனால் ஒயர்லெஸ்காரர்கள் உலகத்தில் எந்தச் சோதனையும் இல்லாமல் 24 வோல்ட்டை நேரே கேபிளில் விடும் 'பாசிவ்' முறை ஊறிப்போய்விட்டது. மலிவு ஒரு காரணம். சோலார் வைத்த இடங்களில் பேட்டரியே 24 வோல்ட்டாக இருப்பது இன்னொன்று. சில ரேடியோக்களில் பிளஸ் மைனஸ்கூட மாறியிருக்கும். ஒரே டவரில் மூன்று கம்பெனி ரேடியோ இருந்தால், எந்த போர்ட்டில் எதைச் செருகினாலும் புகை வராத ஸ்விட்ச் ஒன்றை வடிவமைப்பதில்தான் இன்ஜினியரின் திறமை இருக்கிறது.

அடுத்து இடி. பக்கத்தில் இடி விழுந்தாலே நீளமான கேபிளில் ஆயிரக்கணக்கான வோல்ட் எகிறும். அதைத் தரைக்குத் திருப்ப கேஸ் டிஸ்சார்ஜ் ட்யூப், டிவிஎஸ் டயோடு போன்ற பாதுகாப்புப் பாகங்கள் எல்லாம் போட வேண்டும். தப்பான பாகத்தைப் போட்டால் அதன் கப்பாசிட்டன்ஸே (மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை) வேகமான கிகாபிட் சிக்னலைக் கெடுத்துவிடும். அதே டவரில் எஃப்.எம். ஒலிபரப்பு இருந்தால் அந்த அலை கேபிளுக்குள் புகுந்து தொல்லை தரும். இந்தச் சோதனைகளுக்கு நம் சென்னைத் தரமணியிலேயே சமீர் என்ற மத்திய அரசு ஆய்வகம் இருக்கிறது.

மின்சாரம் எவ்வளவு தொல்லை தரும் என்பதற்கு உங்கள் பக்கத்து மாவட்டத்திலேயே உதாரணம் உண்டு. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையையும் சுற்றியுள்ள கிராமக் கண் மையங்களையும் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெடுந்தூர வைஃபையால் இணைத்தார்கள். அந்த அனுபவத்தை வைத்து அவர்கள் 2008-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையைப் படித்தால், தொல்லை கொடுத்ததில் மோசமான மின்சாரத்துக்குப் பெரிய பங்கு இருந்தது தெரியும். ஈதர்நெட் கேபிள் வழியாகவே ரேடியோவுக்கு மின்சாரம் கொடுக்கும் சோலார் கன்ட்ரோலர் ஒன்றைக்கூடத் தாங்களே வடிவமைத்தார்கள். மகளை அந்தக் கட்டுரையைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள்.

சரி, சேர்க்கலாமா? சந்தை சின்னது, அதை மறைக்க மாட்டேன். நம் ஊரில் ஃபைபரும் 5ஜியும் பரவப் பரவ, சின்ன ஒயர்லெஸ் நிறுவனங்களை நம்பி ஒரு கம்பெனி நடத்துவது கஷ்டம். ஏற்றுமதி இருந்தால்தான் தாக்குப்பிடிக்கும். ஆனால் அங்கே அவள் கற்கும் டிசி-டிசி கன்வெர்ட்டரும் சர்ஜ் (திடீரென எகிறும் வோல்டேஜ்) பாதுகாப்பும் பிசிபி லேஅவுட்டும் (சர்க்யூட் போர்டு வரைவதும்) எலக்ட்ரிக் வண்டி சார்ஜர், சிசிடிவி, மருத்துவக் கருவி என எங்கே போனாலும் சோறு போடும். அந்தக் கம்பெனி மூடினாலும் அவள் தெருவில் நிற்க மாட்டாள்.

எல்லாம் அந்தக் கம்பெனி நிஜமாகவே டிசைன் செய்கிறதா என்பதைப் பொறுத்தது. இன்டர்வியூவில் அவளும் கேள்வி கேட்கட்டும். சர்க்யூட் வரைவது இங்கேயா, வெளியிலிருந்து வாங்குகிறீர்களா? ஃபீல்டில் எரிந்து திரும்பி வரும் போர்டுகளை என்ன செய்கிறீர்கள்? என்னைப் பொறுத்தவரை இரண்டாவதுதான் முக்கியமான கேள்வி. ஏன் எரிந்தது என்று பிரித்துப் பார்த்து எழுதி வைக்கும் கம்பெனி என்றால், சம்பளம் குறைவானாலும் தாராளமாகச் சேர்க்கலாம். புது போர்டு அனுப்பிவிட்டுப் பழையதைக் குப்பையில் போடுகிறார்கள், இல்லை இறக்குமதி செய்த போர்டில் ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள் என்று தெரிந்தால், ஐ.டி. வேலைக்கே போகட்டும்.

முடிவெடுக்கும் வரை ஐ.டி. ஆஃபரை விட வேண்டாம். இதற்கிடையில் எல்டிஸ்பைஸ் என்ற சர்க்யூட் சோதனை மென்பொருளில் ஒரு 48 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட் கன்வெர்ட்டரை ஓட்டிப் பார்த்து, கீகேட் என்ற வரைபட மென்பொருளில் போர்டு வரைந்து, செய்தும் பார்க்கட்டும். முதல் போர்டு எரிந்தால் கவலைப்படாதீர்கள். ஏன் எரிந்தது என்று சொல்லத் தெரிந்தால் இன்டர்வியூவில் அதுவே பெரிய தகுதி.

பாண்டு விஷயம். எத்தனை மாதம், இடையில் விலகினால் எவ்வளவு தொகை என்பது எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடட்டும். ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் சான்றிதழ்களையும் வாங்கி வைத்துக்கொள்வோம் என்றால் அந்த இடமே வேண்டாம். சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தரட்டும், ஃபைலுக்கு ஜெராக்ஸ் போதும்.