தட்டு இல்லாத மேசைக்குத் தோழிகளோடு போகலாமா?

கேள்வி: எனக்கு 47 வயது. திருவையாறு பக்கம் ஒரு கிராமத்தில் குடித்தனம், நெல் விவசாயம். கல்லூரித் தோழிகள் ஐந்து பேர் அடுத்த வாரம் திருச்சியில் கூடுகிறோம். புதிதாகத் திறந்திருக்கும் ஓர் இத்தாலிய உணவகத்தில் இடம் பதிவு செய்துவிட்டார்கள். அங்கே மெனு அட்டை கிடையாதாம், தட்டும் கிடையாதாம். மேசை நிறையப் பலகை போட்டு, களி மாதிரி ஒன்றைக் கொட்டிப் பரப்புவார்களாம். சுற்றி உட்கார்ந்து எல்லோரும் அதிலிருந்தே எடுத்துச் சாப்பிட வேண்டுமாம். ஆளுக்கு 1,800 ரூபாய். நான் சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை. எச்சில் பார்த்து வளர்ந்தவள். முள்கரண்டி பிடித்ததே இல்லை. காய்ச்சல் என்று சொல்லி நின்றுவிடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு, காய்ச்சல் என்று சொல்லாதீர்கள். அன்று இரவே நான்கு பேரும் தனித்தனியாகப் போன் செய்து நலம் விசாரிப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பொய் சொல்ல வேண்டியிருக்கும். இத்தனை வருடத்துக்குப் பிறகு கூடும் தோழிகளிடம் அது வேண்டாம். போய்விட்டு வாருங்கள்.

உங்களைப் பயமுறுத்தும் அந்தப் பலகையிலிருந்தே தொடங்குகிறேன். அதன் மேல் கொட்டுவது பொலெந்தாவாகத்தான் இருக்கும். அது மக்காச்சோள மாவில் கிண்டிய களி. நடு இத்தாலியின் குடியானவர் வீடுகளில் அதைச் செம்புக் கொப்பரையில் நெடுநேரம் கிண்டி, மரப்பலகையில் கொட்டிப் பரப்பி, மேலே குழம்பை ஊற்றுவார்கள். வீட்டார் சுற்றி அமர்ந்து, அவரவர் முன்னால் இருக்கும் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சாப்பிட்டுக்கொண்டே போவார்கள். வசதியில்லாத வீடுகளின் சாப்பாடு அது. இன்று திருச்சியில் புதுமை என்ற பெயரோடு வந்திருக்கிறது. உளுந்தங்களி கிண்டத் தெரிந்த கை உங்களுடையது. கட்டி விழாமல் கிண்டியிருக்கிறார்களா என்று அந்த மேசையில் முதலில் கண்டுபிடிக்கப்போவது நீங்கள்தான்.

மெனு அட்டை இல்லாததும் அப்படித்தான். இத்தாலியின் சிறிய குடும்ப உணவகங்கள் பலவற்றில், அன்று என்ன சமைத்தார்களோ அதை உரிமையாளரே வந்து வாயால் சொல்வார். நம் ஊர் மெஸ்ஸில் இன்றைக்கு என்ன கூட்டு என்று கேட்கிறோமே, அதே பழக்கம்.

எச்சில் பார்ப்பதை மறைக்க வேண்டியதில்லை. பலகையில் பரப்பியதும், யாரும் கை வைப்பதற்கு முன் உங்கள் பங்கைத் தனித் தட்டில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். தட்டு இல்லாத உணவகம் எதுவும் கிடையாது.

நான் உண்மையில் கவலைப்படுவது மேலே ஊற்றும் குழம்பைப் பற்றி. வழக்கமாக அதில் பன்றி இறைச்சி இருக்கும். அதனால் முந்தைய நாளே நீங்களே போன் செய்து பேசுங்கள். 'சைவம்' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள். பல வருடங்களுக்கு முன் நான் அப்படி நிறுத்தினேன். தக்காளிச் சாறு என்று நம்பிப் பாதி சாப்பிட்ட பிறகுதான் அதில் நெத்திலி கரைந்திருப்பது தெரிந்தது. மீதியைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து வந்த வேதனை இன்னும் மறக்கவில்லை. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். இறைச்சி வேகவைத்த சாறு சேர்க்கிறார்களா, நெத்திலி உண்டா, சமையலில் ஒயின் ஊற்றுகிறார்களா? பாஸ்தாவை வீட்டிலேயே பிசைகிறார்கள் என்றால் அதில் பெரும்பாலும் முட்டை இருக்கும், காய்ந்த பாஸ்தாவில் பெரும்பாலும் இருக்காது. திராமிசு என்ற இனிப்பிலும் முட்டை உண்டு. பார்மிஜானோ என்ற சீஸ் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நாம் பாலுக்கு உறை ஊற்றுவதுபோல், அதை உறைய வைக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியைச் சேர்க்கிறார்கள். அந்தப் பெயரில் விற்க வேண்டுமானால் அதைத்தான் சேர்க்க வேண்டும் என்பது அங்கே விதி.

ரிசோத்தோ இருந்தால், இறைச்சிச் சாறும் ஒயினும் இல்லாமல் செய்து தர முடியுமா என்று கேட்டு அவசியம் சாப்பிட்டுப் பாருங்கள். அது அரிசி. வட இத்தாலியில் போ ஆற்றுச் சமவெளியில், வெர்செல்லி, நொவாரா பக்கமெல்லாம் நெல் வயல்கள்தான். அந்த ஆறு கடலில் கலக்கும் டெல்டாவிலும் நெல் விளைகிறது. ஒரு காலத்தில் அந்த வயல்களில் பெண்கள் முழங்கால் தண்ணீரில் குனிந்து நின்று, பாட்டுப் பாடிக்கொண்டே நாற்று நட்டார்கள், களை பறித்தார்கள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சுற்றிலும் குழைந்து, அரிசியின் நடுவில் மட்டும் லேசாகப் பல்லில் படும். வேகவில்லை என்று ஒதுக்காதீர்கள், அதுதான் அதன் பதம்.

முள்கரண்டியைப் பற்றிக் கவலையே வேண்டாம். நீள நூலாக வரும் ஸ்பகெத்தியில் இரண்டு மூன்று இழையை மட்டும் குத்தி, தட்டின் ஓரத்தில் வைத்துச் சுழற்றினால் சுற்றிக்கொள்ளும். தட்டில் மிஞ்சும் சாற்றை ரொட்டியால் துடைத்துச் சாப்பிடுவது இத்தாலியர்களும் வீட்டில் செய்வதுதான்.

பணம் உறுத்துகிறதென்றால், நால்வரில் நெருக்கமான ஒருத்தியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். நெல் போட்ட பணம் இன்னும் கைக்கு வரவில்லை என்று தோழியிடம் சொல்வதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. பில் வந்த பிறகு மேசையில் உட்கார்ந்து தவிப்பதுதான் கொடுமை. 1,800-க்கு மேல் 5 சதவீதம் ஜிஎஸ்டி தனி என்றால் 1,890 ஆகும். அதற்கும் மேல் சேவைக் கட்டணம் சேர்த்திருந்தால் எடுத்துவிடச் சொல்லலாம். அதைக் கட்டாயப்படுத்தி வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது.

போனை மதியம் மூன்று மணிக்கு மேல் செய்யுங்கள். சமையலறை கொஞ்சம் ஓய்ந்திருக்கும் நேரம் அது. எடுப்பவரிடம் நிற்காமல், சமைப்பவரிடமே கொடுக்கச் சொல்லுங்கள். இரவு தஞ்சாவூர் வந்து திருவையாற்றுக்குப் பஸ் பிடிக்க வேண்டும் என்பதால், எத்தனை மணிக்குச் சாப்பாடு முடியும் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.