மூக்கு ஒன்றுதான் வழி
முயல் வளர்ப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வெள்ளை முயலுக்கு இரண்டு வயது, எடை ஒன்றே முக்கால் கிலோ. மூன்று வாரமாகத் தும்முகிறது. முதலில் தண்ணீர் மாதிரி வந்த சளி இப்போது வெள்ளையாக, கெட்டியாக வருகிறது. முன்னங்கால் ரோமம் பிசுபிசுவென்று ஒட்டிக் கிடக்கிறது. மருந்துக் கடையில் சொன்னதற்கு, குழந்தைகளுக்கான அமாக்சிசிலின் சிரப் தந்தார்கள். இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்கலாமா?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: கொடுக்கவே கொடுக்காதீர்கள். இதுவரை கொடுக்காமல் இருந்தது பெரிய நல்ல காரியம். முயலின் பெருங்குடல் தொடங்கும் இடத்தில் பெரிய பை ஒன்று இருக்கிறது. தின்ற புல்லைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிரிகள் அங்கேதான் குடியிருக்கின்றன. அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின், லின்கோமைசின், எரித்ரோமைசின் போன்றவை வாய்வழியாகப் போனால் அந்த நல்ல கிருமிகள் செத்து, கிளாஸ்ட்ரிடியம் என்ற கெட்ட கிருமி பெருகி நஞ்சைக் கக்கும். கழிச்சல் கண்டு சில நாட்களிலேயே முயல் இறந்துவிடும். சளி ஆறியிருக்கும், உயிர்தான் இருக்காது.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் அநேகமாகப் பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியாவைக் காட்டுகின்றன. போர்டெடெல்லா, ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்றவையும் இப்படிச் செய்யும். கால் ரோமம் ஒட்டுவது, மூக்கைத் துடைத்துத் துடைத்து. முயலால் வாயால் இயல்பாக மூச்சுவிட முடியாது, மூக்கு ஒன்றுதான் வழி. நமக்குச் சாதாரணச் சளி என்பது அதற்கு மூச்சுப் பிரச்சினை. மூன்று வாரம் நீடித்த கெட்டிச் சளியை இனியும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

மருத்துவரிடம் போகுமுன் மூன்று கணக்கு எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று, மூச்சு. முயல் அமைதியாகப் படுத்திருக்கும்போது விலாப்பகுதி ஏறி இறங்குவதை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30 முதல் 60 வரை இயல்பு. பலரும் மூக்கு துடிப்பதை எண்ணிவிட்டுப் பயந்துபோகிறார்கள். அது வேறு கணக்கு, விலாவை மட்டும் பாருங்கள். இரண்டு, எடை. மளிகைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் நிறுத்துக் குறியுங்கள். உங்கள் முயலுக்கு 100 கிராம் குறைவது பெரிய இறக்கம். மூன்று, கடைசியாகத் தின்றது எப்போது, புழுக்கை எவ்வளவு, என்ன அளவில் போட்டது என்பது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மாடு, ஆடு, நாய் பார்க்கும் கால்நடை மருத்துவர்களே அதிகம். முயலுக்கு வைத்தியம் செய்து பழக்கம் உண்டா என்று போனிலேயே கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். மேல் சிகிச்சை வேண்டுமென்றால் திருநெல்வேலி இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்தவர்களுக்குத் திருவனந்தபுரம் இன்னும் அருகில். மூக்குச் சளியை எடுத்து எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்கும் சோதனை செய்ய முடியுமா என்று கேளுங்கள். முயலுக்கு வாய்வழியாகப் பொதுவாகத் தருவது என்ரோஃப்ளாக்சசின் அல்லது ட்ரைமெத்தோப்ரிம்-சல்ஃபா வகை. அளவை எடை பார்த்து மருத்துவர் சொல்லட்டும். வாரக்கணக்கில் கொடுக்க வேண்டிவரும். ஐந்தாம் நாள் தும்மல் குறைந்தது என்று நிறுத்தினால் மூக்கெலும்பின் உள்மடிப்புகளில் தங்கிய கிருமி திரும்ப எழும். சளிக்கென்று டெக்ஸாமெதசோன் போன்ற ஸ்டீராய்டு ஊசி போடப் போனால் தயங்காமல் கேளுங்கள். முயலின் எதிர்ப்புச் சக்தி ஸ்டீராய்டில் மற்ற விலங்குகளைவிட எளிதாக விழும், அடங்கியிருந்த பாஸ்டுரெல்லா தலைதூக்கும்.

ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிந்தால் பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். மேல்தாடைப் பல்லின் வேர் வளர்ந்து கண்ணீர்க் குழாயை அழுத்தினாலும் மூக்கு ஒழுகும், அதற்கு எத்தனை பாட்டில் மருந்தும் பயன் தராது. உங்களுடையது பெண் முயலா என்று எழுதவில்லை. கருப்பை எடுக்காத பெண் முயலுக்கு மூன்று நான்கு வயதுக்குமேல் கருப்பைப் புற்று வருவது சாதாரணம், அது நுரையீரலுக்குப் பரவினாலும் மூச்சு வாங்கும். சளியே இல்லாமல் மூச்சு வாங்கினால் நெஞ்சு எக்ஸ்ரே கட்டாயம்.

கேள்வி: மருத்துவர் நெபுலைசர் வைக்கச் சொன்னார். பிள்ளைக்கு வாங்கிய மிஷின் வீட்டில் இருக்கிறது. முகமூடியை வைத்தால் முயல் உதைக்கிறது. பிள்ளைக்கு எழுதிய மருந்து மிச்சம் இருக்கிறது, அதையே போடலாமா? ஆவி பிடித்தால் போதாதா?
– வாசகர், தக்கலை

பதில்: மிச்ச மருந்தை மூடி வையுங்கள். அதில் ஸ்டீராய்டு இருக்கக்கூடும். மருத்துவர் வேறு எதுவும் எழுதாதவரை மருந்துக்கடையில் கிடைக்கும் 0.9 சதவீத நார்மல் சலைன் மட்டும் போதும். கெட்டிச் சளியை இளக்கித் தும்மலில் வெளியேற்றுவதுதான் அதன் வேலை. சின்னக் குப்பியாக வாங்கினால் நல்லது, உடைத்ததை அன்றே தீர்க்கலாம்.

முகமூடி வேண்டாம். முயலைப் பிடித்து அழுத்தினால் பயத்திலேயே மூச்சு இன்னும் மோசமாகும். தூக்கிச்செல்லும் கூடையிலேயே அதை உட்கார வையுங்கள். மேலே மெல்லிய துண்டு போட்டு ஒரு பக்கம் நாலு விரல் அளவு திறந்து விடுங்கள். கோப்பையில் 3 முதல் 5 மில்லி சலைன் ஊற்றிக் குழாய் முனையைக் கூடைக் கம்பி வழியாக உள்ளே விடுங்கள். மிஷின் சத்தம் முயலுக்கு ஆகாது, குழாயின் நீளம் விடுமட்டும் தள்ளி, கனமான துணி விரித்து அதன்மேல் வையுங்கள். காற்று இழுக்கும் துளையைத் துணி மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் நாள் ஐந்து நிமிடம், பழகியபின் 10 முதல் 15 நிமிடம், தினம் இரண்டு மூன்று தடவை. அறையில் மின்விசிறி ஓடட்டும், கூடைக்குள் புழுக்கம் சேர்ந்தால் பலன் தலைகீழாகும். நடுவில் மூச்சு வேகம் கூடினால் உடனே நிறுத்துங்கள்.

முடிந்ததும் வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் மூக்கையும் முன்னங்காலையும் துடைத்து உலர்த்துங்கள். காய்ந்த சளியைப் பிய்க்காதீர்கள், ஒரு நிமிடம் பஞ்சை ஒற்றி வைத்தால் தானே ஊறி வரும். கோப்பையைத் தினமும் கழுவி முழுக்க உலர வையுங்கள். ஈரம் நின்றால் அதில் வளரும் கிருமியை நாமே முயலின் நுரையீரலுக்கு அனுப்பியதாகும்.

கொதிக்கும் தண்ணீரில் ஆவி பிடிப்பது கூடாது. முயலுக்கு வேர்க்காது, வெப்பத்தைக் காது வழியாகத்தான் பெரும்பாலும் வெளியேற்றுகிறது. தைலம், நீலகிரி எண்ணெய், கற்பூரம் எதுவும் அருகே வேண்டாம்.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைப்புரை இருக்கிறது. அந்தச் சுவரை ஒட்டித்தான் முயல் கூண்டு. மழைக்காலத்தில் மட்டும் இரண்டு முயலும் தும்முகின்றன. மரத்தூள் விரித்து, வாரம் ஒருமுறை மாற்றுகிறோம். ரப்பர் இலை, மரச்சீனி (மரவள்ளி) இலை தின்னக் கொடுக்கலாமா?
– வாசகர், குலசேகரம்

பதில்: புகை எட்டாத இடத்துக்குக் கூண்டை இன்றே மாற்றுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

மழைக்காலத்தில் மட்டும் ஏன் என்பதற்குக் காரணம் தார்ப்பாய். ஜூன் பிறந்தால் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று நமக்கு இரண்டு மழையும் உண்டு. சாரல் படாமல் இருக்கச் சுற்றிலும் கட்டிவிடுகிறோம். உள்ளே மூத்திரத்தில் இருந்து எழும் அம்மோனியா வெளியேற வழியில்லாமல் தரையோடு நிற்கிறது. முயலின் மூக்கு அதே உயரத்தில். மூக்கின் உள்தோலில் தூசியைத் தள்ளும் நுண்மயிர்களை அம்மோனியா அரித்துவிட்டால் கிருமிக்கு வாசல் திறந்த மாதிரி. காலையில் சுத்தம் செய்யுமுன் முயலின் உயரத்துக்குக் குனிந்து மோந்து பாருங்கள். உங்களுக்கு நெடி தெரிந்தால் முயலுக்கு அது எப்போதோ அளவு மீறிவிட்டது.

மழை அடிக்கும் பக்கம் மட்டும் மறையுங்கள், எதிர்ப்பக்கமும் கூரைக்கடியில் ஒரு சாண் அளவும் திறந்திருக்கட்டும். மரத்தூள் வேண்டாம், கதம்பைத் தூளும் (தேங்காய் நார்த்தூள்) வேண்டாம், இரண்டும் மூக்கில் ஏறும். கம்பித் தரைக்குக் கீழே தட்டு வைத்துக் காலை மாலை கொட்டுங்கள், உட்கார ஒரு பழைய டைல் துண்டோ சணல் சாக்கோ கொடுங்கள். தட்டில் படியும் வெள்ளைப் படலத்துக்கு வினிகரும் தண்ணீரும் சரிபாதி ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டுத் தேய்த்தால் போகும். மூத்திரத்தின்மேல் பிளீச்சிங் பவுடர் போடவே கூடாது. இரண்டும் சேர்ந்து எழும் வாயு உங்கள் மூச்சையும் அடைக்கும்.

ரப்பர் இலை, மரச்சீனி இலை இரண்டிலும் சயனைடு விடும் பொருள் இருக்கிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் உடல் அதைப் பயன்படுத்த முடியாமல் முயல் மூச்சு வாங்கி விழும். காயவைத்தால் விஷம் குறையும் என்று மரச்சீனி இலையை ஆட்டுக்குப் போடுகிறவர்கள் உண்டு. மூச்சுக் கோளாறுள்ள முயலிடம் அந்தச் சோதனை வேண்டாம். அறுகம்புல், கோ-4 தீவனப்புல் தாராளமாகக் கொடுங்கள், அகத்தியும் முருங்கையும் ஒரு கைப்பிடியோடு சரி. கும்பப்பூ நெற்பருவத்து வைக்கோல் மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்திருந்தால், காயவைத்த பின்னும் கொடுக்கக் கூடாது.

கேள்வி: இரவில் முயல் வாயைத் திறந்து மூச்சு விட்டால் காலைவரை எப்படிச் சமாளிப்பது?
– வாசகி, குளச்சல்

பதில்: காலைவரை காத்திருக்க முடியாத நிலை அது. வாயைத் திறப்பது, கழுத்தை மேலே நீட்டுவது, உதடு நீலம் பாய்வது எல்லாம் கடைசிக் கட்ட அறிகுறிகள். உடனே மருத்துவரை போனில் பிடியுங்கள். இதற்கிடையில் காதைத் தொட்டுப் பாருங்கள். தகர ஷீட் வீட்டில் சித்திரை வைகாசி வெக்கையில் காது கொதித்தால் வெப்ப அதிர்ச்சியாக இருக்கலாம். குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் காதை ஒற்றுங்கள், பனிக்கட்டித் தண்ணீரில் முக்காதீர்கள். காது சில்லென்று இருந்தால் குளிரவைக்கவே கூடாது.

மல்லாத்தாதீர்கள், வயிற்றுப் பாரம் நுரையீரலை அழுத்தும். சிரிஞ்சால் தண்ணீரோ உணவோ புகட்டாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிஜன் செறிவூட்டி வீட்டிலோ பக்கத்திலோ இருந்தால், குழாய் முனையை மூக்குக்கு இரண்டு விரல் தள்ளிப் பிடித்தபடியே கொண்டுபோங்கள். பெட்டியில் நாலாபுறமும் காற்றுத் துளை இருக்கட்டும்.

கேள்வி: மூச்சு தேறிவிட்டது, தீனிதான் எடுக்கவில்லை. நேற்று இரவிலிருந்து ஒன்றும் தின்னவில்லை.
– வாசகர், இராஜாக்கமங்கலம்

பதில்: மூக்கடைப்பில் வாசனை தெரியாது, வாசனை தெரியாத தீனியை முயல் தொடாது. ஆனால் 12 மணி நேரம் வயிறு காய்ந்தால் குடல் நின்றுபோகும், அதற்குத் தனி அவசரச் சிகிச்சை வேண்டும். இன்றே மருத்துவரிடம் காட்டி, குடலில் அடைப்பு இல்லை என்று உறுதி செய்துகொண்டு புகட்டத் தொடங்குங்கள். முயல் தீவனக் குச்சியை வெந்நீரில் ஊறவைத்துக் கஞ்சிப் பதமாகக் கரைத்து ஆறவிடுங்கள். முயல் நாலு காலில் நின்றபடி, முன்பல்லுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் பக்கவாட்டாக ஊசியில்லாத சிரிஞ்சை வைத்து ஒரு மில்லி விடுங்கள். மென்று விழுங்கியபின் அடுத்தது. கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 10 மில்லி அளவில், நாளுக்கு நாலு வேளை. கொத்தமல்லித் தழையைக் கசக்கி முன்னே வைத்தால் அந்த மணத்துக்கே சில முயல்கள் வாய் வைக்கும்.

கேள்வி: நோயுற்ற முயலிடமிருந்து மற்ற முயல்களுக்குத் தொற்றுமா?
– வாசகி, பூதப்பாண்டி

பதில்: தொற்றும். தும்மலிலும் தண்ணீர்க் கிண்ணத்திலும் பரவும். தனி அறை, தனிக் கிண்ணம், கடைசியாக நோயுற்றதைக் கவனித்துக் கை கழுவுதல். புதிதாக வாங்கும் முயலையும் ஒரு மாதம் தள்ளி வையுங்கள். பார்வைக்குத் தேறிய முயலும் மூக்கில் கிருமியைச் சுமக்கும், ஆகவே ஒரு முறை சளிப்பிடித்ததைப் புதியதோடு சேர்க்க வேண்டாம்.