பொலிஸ் வேலையா, அதுவும் கம்பஸ் போகாமலா?

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் நீங்கள் கேட்ட கேள்விக்கு, பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவே பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. "ஏ லெவல் இவ்வளவு நன்றாகச் செய்த பிள்ளை பொலிசுக்குப் போகப் போகிறேன் என்கிறாள். டிகிரி இல்லாமல் என்ன செய்யப் போகிறாள்?" என்று கேட்டீர்கள். அதில் இரண்டு பயம் சேர்ந்து கிடந்தது. ஒன்று பொலிஸ், மற்றது டிகிரி. டிகிரிப் பயத்தை முதலில் எடுக்கிறேன், அது தீரக்கூடிய பயம்.

இங்கிலாந்திலும் வேல்சிலும் (ஸ்கொட்லாந்து வேறு கதை, அதை விடுவோம்) பொலிஸ் வேலைக்குப் படித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்றில்லை. வேலையில் சேர்ந்து, சம்பளம் வாங்கிக்கொண்டே படிக்கலாம். தகுதிப் பத்திரம் வேலையோடு சேர்ந்து வருகிறது. நம் ஆட்களுக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. முதலில் சேர்ட்டிபிக்கட், பிறகுதான் வேலை என்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

உங்கள் ஒன்றுவிட்ட அண்ணாவின் மகன் 2008இல் சேர்ந்தபோது என்.வி.கியூ. (வேலையில் செய்து காட்டிப் பெறும் தொழில் தகுதி) என்று ஏதோ செய்தான் என்றீர்கள். சரிதான். அந்தக் காலத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் இரண்டு வருடப் பயிற்சிக் காலத்துக்குள் லெவல் 3, லெவல் 4 என்.வி.கியூ. இரண்டையும் முடித்தார்கள். 2010இல் அதற்குப் பதிலாக லெவல் 3 டிப்ளோமா வந்தது. லெவல் 3 என்றால் ஏ லெவலுக்குச் சமமான படி. பிறகு, பொலிஸ் பயிற்சியின் தரத்தை வகுக்கும் பொலிஸ் கல்லூரி என்ற அமைப்பு, கான்ஸ்டபிளின் வேலை டிகிரித் தரத்து வேலை என்று வாதாடி, 2018இலிருந்து பல்கலைக்கழகங்களோடு சேர்ந்த புதிய முறையைக் கொண்டுவந்தது. எல்லாருக்கும் அது பிடிக்கவில்லை. லிங்கன்ஷயர் பொலிசின் தலைவர் நீதிமன்றம் வரை போய் 2019இல் தோற்றார். 2022இல் அப்போதைய உள்துறை அமைச்சர் சுவெல்லா பிரேவர்மன் டிகிரி இல்லாத பாதையும் வேண்டும் என்றார். 2024 ஏப்ரலில் அதுவும் வந்தது. பத்து வருடத்துக்கு முன் சேர்ந்த ஒருவரிடம் கேட்டு இன்றைக்கு முடிவெடுக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். ஒவ்வொருவரும் தாங்கள் வந்த வாசலைத்தான் காட்டுவார்கள்.

இப்போது மகளுக்கு முன்னால் இருக்கும் வாசல்களில் இரண்டைத்தான் பேச வேண்டும். ஒன்று டிகிரி அப்ரென்டிஸ்ஷிப், பி.சி.டி.ஏ. என்பார்கள். மூன்று வருடம். முதல் நாளிலிருந்து சம்பளம். கட்டணத்தை வேலை தருபவர் பார்த்துக்கொள்வார், மாணவர் கடன் எடுக்கத் தேவையில்லை. முடிவில் தொழில்முறைப் பொலிஸ் பணியில் ஹானர்ஸ் டிகிரி கிடைக்கும். இதற்கு ஜி.சி.எஸ்.ஈ. (நம் ஊர் ஓ லெவல் மாதிரி) ஆங்கிலமும் கணிதமும் வேண்டும், அவளிடம் இருக்கிறது. மற்றது பி.சி.இ.பி., 2024இல் வந்த அந்தப் பாதை. இரண்டு வருடம், டிகிரி இல்லை, வேலைக்கு வேண்டிய படிப்பு மட்டும். இரண்டிலும் சீருடை ஒன்று, அதிகாரம் ஒன்று. பதவி உயர்வில் இன்ன வாசலால் வந்தவள் என்று யாரும் தடுத்து நிறுத்தப் போவதில்லை.

உங்கள் அக்கா மகன் உயிரியலில் டிகிரி முடித்துவிட்டு இருக்கிறாரே, அவருக்கு இரண்டு வருட டி.எச்.இ.பி. பாதை இருக்கிறது. எந்தப் பாடத்தில் டிகிரி என்றாலும் சரி, முடிவில் ஒரு கிராஜுவேட் டிப்ளோமா.

இன்னொன்றும் உண்டு, முன்கூட்டியே கம்பசில் பொலிஸ் டிகிரி படிப்பது. இதை நான் உங்களுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். இங்கிலாந்தில் 2025இல் கட்டணம் வருடத்துக்கு 9,535 பவுண் வரை. மூன்று வருடம் கடனில் படித்து முடித்தாலும் வேலை நிச்சயமில்லை, எல்லாரையும்போல விண்ணப்பித்துத் தேர்வாக வேண்டும். கம்பஸ் வாழ்க்கை வேண்டும் என்று பிள்ளை ஆசைப்பட்டால், தனக்குப் பிடித்த வேறொரு பாடத்தைப் படித்துவிட்டுப் பிறகு பொலிசுக்கு வரட்டும். கை பிசகினால் அந்த டிகிரி வேறு எங்காவது உதவும்.

அதேபோல, சேர்வதற்கு முன் இந்த சேர்ட்டிபிக்கட் வாங்கினால் முன்னுரிமை என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ஒரு காலத்தில் சில பொலிஸ் படைகள் (இங்கே ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு படை) பொலிஸ் அறிவுச் சான்றிதழ் என்ற ஒன்றைக் கேட்டன, பிள்ளைகள் தங்கள் கைக்காசில் அதைப் படித்தார்கள். அந்த நினைவில்தான் இன்றைக்கும் சிலர் வியாபாரம் செய்கிறார்கள். அந்தந்தப் படையின் ஆட்சேர்ப்புப் பக்கத்தில் என்ன கேட்டிருக்கிறதோ அது போதும். எல்லாப் படையும் எல்லா வாசலையும் எல்லா நேரமும் திறந்து வைத்திருப்பதில்லை. ஆகவே முதலில் படையைத் தெரிவு செய்து, அதில் எது திறந்திருக்கிறது என்று பாருங்கள்.

டிகிரியா, டிகிரி இல்லாததா என்பதில் என் அபிப்பிராயத்தைக் கேட்டீர்கள். பிள்ளை எழுத்தில் எப்படி என்பதைப் பாருங்கள். அப்ரென்டிஸ்ஷிப்பில் வேலை நேரத்துக்குள் படிப்புக்கு நேரம் ஒதுக்குவார்கள், ஆனால் அசைன்மென்ட் அந்த நேரத்துக்குள் முடியாது. இரவு ஷிப்ட் முடித்து விடியக்காலை வந்து படுத்து, பின்னேரம் எழும்பி மூவாயிரம் சொல் கட்டுரை எழுத வேண்டும். பல பிள்ளைகள் களைப்பது தெருவில் இல்லை, இந்த மேசையில். உங்கள் மகளுக்கு எழுத வரும், பொறுமையும் இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அந்த டிகிரி அவளுக்கு வேண்டியதா, உங்களுக்கு வேண்டியதா என்று வீட்டில் ஒருக்கால் கதையுங்கள். உங்களுக்காக மட்டும் என்றால் மூன்று வருடம் நீண்ட காலம்.

எந்த வாசலால் போனாலும் உண்மையான சோதனை ஒன்றுதான். வேலையில் செய்ததைச் சாட்சியோடு கோர்வையாக்கி, மதிப்பீட்டாளர் கையெழுத்து வாங்க வேண்டும். முதலில் வகுப்பு. பிறகு அனுபவமுள்ள ஒரு கான்ஸ்டபிள் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுப்பார். அதன் பிறகுதான் தனியே ரோந்து போக அனுமதி. எடுத்துக்காட்டாக, தெருவில் ஒருவரை நிறுத்திச் சோதிக்கிறாள் என்று வையுங்கள். சோதிக்கும் முன் ஏன் சந்தேகம், எதைத் தேடுகிறேன், என் பெயர் என்ன, எந்த நிலையம், எந்தச் சட்டம், பதிவின் பிரதி கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது என்பதையெல்லாம் சொல்ல வேண்டும். இதை மறக்காமலிருக்க 'கோவைஸ்லி' (GOWISELY) என்று, ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்த ஒரு சொல்லை மனப்பாடம் செய்விப்பார்கள். நாங்கள் ஆத்திசூடி ஒப்புவித்த மாதிரி அவர்கள் அதை ஒப்புவிப்பார்கள். கைது செய்தால் 1984ஆம் ஆண்டுப் பொலிஸ் மற்றும் குற்றச் சான்றுச் சட்டத்தின்படி சந்தேகம் மட்டும் போதாது, அந்தக் கைது ஏன் அவசியம் என்றும் காட்ட வேண்டும். குடும்பச் சண்டை, காணாமல் போன பிள்ளை, வீதி விபத்து, சாட்சியின் வாக்குமூலம் என்று ஒவ்வொன்றும் இப்படி எழுத்தில் ஏறும்.

பயிற்சிக் காலம் சாதாரணமாக இரண்டு வருடம், அப்ரென்டிஸ்களுக்கு மூன்று. அதற்குள், நல்ல கான்ஸ்டபிளாக வரமாட்டாள் என்று தலைமைக்குத் தோன்றினால் வேலையை நிறுத்தலாம். அதற்கு விதி இருக்கிறது. அரசாங்க வேலை, சேர்ந்தால் சேர்ந்ததுதான் என்று உட்கார முடியாது. சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன். 2024 செப்டம்பரில் தொடக்கச் சம்பளம் 29,907 பவுண் (நகைப் பவுண் இல்லை அக்கா), லண்டனில் அதற்கு மேல் படி உண்டு. கான்ஸ்டபிளாகவே இருந்தாலும் சில வருடத்தில் 48,231 வரை ஏறும் என்பது அந்த வருடக் கணக்கு.

இனி நீங்கள் கேட்காத விஷயம். எனக்குப் பெரிதாகத் தெரிவது இதுதான். பின்னணிச் சோதனை பிள்ளையோடு நிற்காது. அப்பா, அம்மா, சகோதரங்கள், வீட்டில் கூட இருப்பவர்கள் எல்லாருடைய விபரமும் கேட்பார்கள். கடன், நீதிமன்றத் தீர்ப்பு, திவால் எல்லாம் பார்ப்பார்கள். மாமா கடைக்கு மதுபான லைசென்ஸ் எடுத்திருக்கிறார், அவர் உங்கள் வீட்டில்தான் இருக்கிறார் என்றால் அதையும் சொல்ல வேண்டிவரலாம். சொன்னால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. மறைத்தது பிறகு வெளியில் வந்தால்தான் பிரச்சினை, அதற்குப் பெயர் நேர்மைக் குறைவு. நம் ஆட்கள் "அதை ஏன் சொல்வான்" என்று விடுவார்கள், எனக்குத் தெரியும். இந்தப் படிவத்தில் அந்தப் பழக்கம் வேண்டாம். இன்னொன்று, பொலிஸ்காரர் அரசியலில் தீவிரமாக இறங்கக் கூடாது என்பது 2003ஆம் ஆண்டுப் பொலிஸ் விதிகளில் இருக்கிறது. கட்சிக்கு வாக்குக் கேட்டுத் துண்டுப் பிரசுரம் கொடுக்கும் உங்கள் மகளுக்கு இது வலிக்கலாம்.

சரி, அந்தப் பழைய பயம். ஊரில் சீருடையைக் கண்டால் ஒழுங்கை மாறிப் போன தலைமுறை நாங்கள். மகள் அதே சீருடையைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றால் எப்படி இருக்கும் என்று நீங்கள் சொல்லாமலே எனக்கு விளங்கியது. இந்த ஊர்ப் பொலிஸ் தங்கம் என்று சொல்லி உங்களைச் சமாதானம் செய்யவும் மாட்டேன். 2023 மார்ச்சில் லூயிஸ் கேசி லண்டன் மாநகரப் பொலிசைப் பற்றிக் கொடுத்த அறிக்கை, அங்கே இனவெறியும் பெண் வெறுப்பும் நிறுவனத்திலேயே ஊறிக் கிடக்கிறது என்று எழுதியது. சிறுபான்மைப் பெண்ணாக அவள் உள்ளே போவது சாதாரண விஷயம் இல்லை. அவளிடமும் இதை நேரே கேட்டேன். "அதுதான் அம்மா மாதிரி ஆட்கள் கதவைத் திறக்கிற நேரம், தமிழ் தெரிந்த ஒருத்தி நிற்க வேண்டும்" என்றாள். எனக்குத் திருப்பிச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

ஆனால் அவசரப்பட வேண்டாம். 17 வயதில் விண்ணப்பிக்கலாம், 18இல் சேரலாம், அதற்காக 18இலேயே சேர வேண்டும் என்று இல்லை. இடையில் ஒரு வருடம் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாக, சம்பளம் இல்லாமல், பெரும்பாலும் மாதம் 16 மணி நேரம் போய் வரட்டும். அதே சீருடை, அதே அதிகாரம். வெள்ளிக்கிழமை இரவு ஹைஸ்ட்ரீட் எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் வேண்டும் என்றால் நீங்களும் தடுக்காதீர்கள், நானும் தடுக்க மாட்டேன்.

அடுத்த ஞாயிறு அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். முழங்கால் நோகிறது என்று வலைப்பந்தை விட்டாள்தானே. பொலிசில் சேர உடற்தகுதிச் சோதனை ஒன்று உண்டு, 15 மீற்றர் தூரத்துக்குள் போய்த் திரும்பி ஓடி 5.4 என்ற அளவு வரை நிற்க வேண்டும். அது பெரிய ஓட்டம் இல்லை, ஆனால் ஒவ்வொரு திரும்பலிலும் முழங்கால்தான் வேலை செய்யும். டொக்டரிடம் காட்டினாளா என்று முதலில் அதைக் கேட்போம்.