ஆம்பூரில் தோல் ஜாக்கெட் தைத்துக்கொண்டு ஜவ்வாது மலை ஏறலாமா?

கேள்வி: காட்பாடியில் இருக்கிறேன். ஹிமாலயன் 450 பைக் வாங்கியிருக்கிறேன். லீவு நாளில் ஜவ்வாது மலை, ஏலகிரி, இடையில் கிடைக்கிற மண் பாதை. ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட் இருக்கிறது. மற்றவற்றுக்கு 35,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். ஆம்பூரில் தெரிந்த ஒருவர் நல்ல தோலில் ஜாக்கெட் தைத்துத் தருகிறேன், காலுக்கு சேஃப்டி ஷூ போதும் என்கிறார். சரிவருமா?

பதில்: இரண்டும் வேண்டாம். ஆம்பூர், வாணியம்பாடித் தோலில் குறையில்லை. அந்த ஜாக்கெட் வேறு வேலைக்கானது. ஸ்டைலுக்குத் தைக்கும் ஆட்டுத்தோல் பெரும்பாலும் 0.6 முதல் 0.9 மி.மீ. கனம்தான். ரைடிங் ஜாக்கெட்டுக்கு 1.1 மி.மீ.க்குக் குறையாத மாட்டுத்தோல் வேண்டும். தோலைவிடத் தையல் முக்கியம். தார் ரோட்டில் உடம்பு தேய்ந்துகொண்டு போகும்போது முதலில் விட்டுக்கொடுப்பது தையல்தான். ரைடிங் ஜாக்கெட்டில் வெளியே தெரியாத உள்தையல் ஒன்று இருக்கும். மேல் நூல் அறுந்தாலும் அது பிடித்து நிற்கும். சாதாரண ஜாக்கெட்டில் அதுவும் கிடையாது, ஆர்மர் (அடியைத் தாங்கும் பேட்) செருகப் பையும் கிடையாது. போதாக்குறைக்கு, கத்திரி வெயிலில் கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் அதைக் கழற்றிப் பின்சீட்டில் கட்டிவிடுவீர்கள்.

பணத்தை முதலில் காலில் போடுங்கள்: 12,000 வரை. மண் பாதையில் விழுவது பெரும்பாலும் மெதுவாகப் போகும்போதுதான். 196 கிலோ வண்டி சாயும், கால் அடியில் மாட்டும். சேஃப்டி ஷூவின் இரும்பு முனை விரலைக் காக்கும். கணுக்காலுக்கு ஒன்றும் செய்யாது. லேஸ் வேறு கியர் லிவரில் சிக்கும். ரைடிங் பூட்ஸின் உட்புற லேபிளில் மோட்டார் சைக்கிள் படமும் ஈஎன் (EN, ஐரோப்பியத் தர முத்திரை) 13634 என்ற எண்ணும் இருக்கும், கூடவே 1 அல்லது 2 என நான்கு இலக்கங்கள். முதலாவது உயரம், அடுத்த இரண்டும் தேய்மானம், வெட்டு, நான்காவது, பாதம் குறுக்கே நசுங்காமல் தாங்கும் உறுதி. உங்கள் ஓட்டத்துக்கு முதலாவதும் நான்காவதும் 2 ஆக இருக்க வேண்டும். கடையிலேயே முனையையும் குதிகாலையும் பிடித்து, ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். வளைந்து கொடுத்தால் அங்கேயே வைத்துவிடுங்கள்.

ஜாக்கெட் மெஷ் ரகம்தான் (காற்றுப் புகும் வலைத்துணி), 11,000க்குள். ஆனால் தோளிலும் முழங்கையிலும் மெஷ் இல்லாமல் கெட்டித் துணி இருக்க வேண்டும். லேபிளில் ஈஎன் 17092 தேடுங்கள். ஏஏஏ, ஏஏ, ஏ என்று தரம் இறங்கும். உங்களுக்கு ஏஏ நல்லது, ஏ போதும். பி என்றால் ஆர்மரே இல்லாதது, சி என்றால் ஆர்மரைத் தாங்கும் வெறும் உள்சட்டை.

ஆர்மரை வெளியே உருவிப் பாருங்கள். ஈஎன் 1621-1, லெவல் 2, அதோடு ‘டி பிளஸ்’ (T+) அடையாளம் இருந்தால் 40 டிகிரி சூட்டிலும் சோதித்தது என்று பொருள். அடி பட்டால் இறுகும் மெத்து ரகங்கள் சூட்டில் இளகும். வேலூர் மே மாதத்துக்கு இந்தச் சின்ன எழுத்து அவசியம். முதுகில் கொடுத்திருப்பது பல ஜாக்கெட்டுகளில் வெறும் ஸ்பாஞ்சு. அதை எடுத்துவிட்டு ஈஎன் 1621-2 லெவல் 2 பேட் தனியாக வாங்குங்கள், 2,500 ஆகலாம்.

அளவைக் கண்ணாடி முன்னால் பார்க்காதீர்கள். வண்டியில் உட்கார்ந்து, பிறகு கால் வைக்கும் ஃபுட்பெக்கில் எழுந்து நின்று பாருங்கள். முழங்கை ஆர்மரைக் கையால் திருப்பினால் எலும்பை விட்டு நகரக் கூடாது. “காத்து வரட்டும்” என்று ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால், விழும்போது ஆர்மர் ஒரு பக்கம், முழங்கை ஒரு பக்கம்.

காற்று 35 டிகிரியைத் தாண்டினால் மெஷ் வழியே வருவதும் அனல்தான். உள் டி-ஷர்ட்டை நனைத்துப் போட்டுக்கொள்ளுங்கள், காய்ந்ததும் மறுபடி நனையுங்கள். தண்ணீரோடு ஓஆர்எஸ்ஸும் வேண்டும்.

முழங்கால் கார்டுக்கு 4,000. போட்டுக்கொண்டு இருபது முறை உட்கார்ந்து எழுந்திருங்கள். இறங்கினால் சைஸ் தப்பு. இது அடியைத் தாங்கும், தேய்மானத்தைத் தாங்காது. பெங்களூரு நெடுஞ்சாலையில் வேகமாகப் போவதென்றால் அடுத்த செலவு ரைடிங் பேன்ட்தான்.

கிளவுஸுக்கு 3,000. உள்ளங்கையின் அடிமேட்டில் வழுக்கும் பிளாஸ்டிக் வில்லை இருப்பதாகப் பாருங்கள். கையூன்றி விழும்போது கை ரோட்டில் பிடித்துக்கொள்ளாமல் சறுக்க அதுதான் உதவும். மணிக்கட்டுப் பட்டியை இறுக்கிவிட்டு வேறொருவரை விரல் நுனியைப் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். கழன்று வந்தால் விழும்போதும் கழன்றுதான் வரும்.

மிச்சத்தில், ஜாக்கெட்டுக்கு மேலே போடும் ரெயின்கோட். உள்ளே மாட்டும் ரெயின் லைனரை நம்பி வடகிழக்குப் பருவமழையில் கிளம்பினால், வெளித்துணி நீரை உறிஞ்சிக் கனக்கும், ஜவ்வாது மலை மேலே ஜமுனாமரத்தூர்க் குளிரில் உடம்பு விறைக்கும். வாங்கும்போது ஜாக்கெட், முதுகு பேட் எல்லாம் போட்டபடியே ரெயின்கோட்டை மாட்டிப் பாருங்கள்.